உயர்தரத்துக்குப் பாடசாலை தேடும் திருகோணமலைப் பெற்றோருக்கு

சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுநாள் தொடக்கம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: பிள்ளையை எங்கே போடுவது? பாலையூற்றோ அலஸ்தோட்டமோ, கிண்ணியாவோ மூதூரோ குச்சவெளியோ, முதலில் வாயில் வருவது பெயர்கள். ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரி, சண்முகா, புனித சூசையப்பர், புனித மரியாள், மெதடிஸ்த பெண்கள், உவர்மலை விவேகானந்தா, ஸாஹிரா. இந்தப் பெயர்கள் சும்மா வந்தவை இல்லை. சுவாமி விபுலானந்தர் பொறுப்பேற்று நடத்திய கல்லூரி இருக்கிற ஊர் இது. ஆனாலும் உங்கள் பிள்ளை அடுத்த இரண்டு வருடத்துக்கும் மேலாக இருக்கப்போவது மூன்று பாடங்களுக்கு முன்னால். அந்த மூன்று பாடத்துக்கும் நாளாந்தம் வகுப்பில் நிற்க ஆசிரியர் இருக்கிறாரா? இதை விசாரிக்காமல் வேறு எதை விசாரித்தும் பிரயோசனமில்லை.

பாடசாலையின் வகையைப் பார்ப்பதில் இருந்து தொடங்கலாம். 1ஏபி என்றால் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உட்பட உயர்தரம் நடத்தும் பாடசாலை. 1சி என்றால் உயர்தரம் உண்டு, ஆனால் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இல்லை. இரண்டாம் வகைப் பாடசாலை 11 ஆம் தரத்தோடு முடிந்துவிடும். தேசிய பாடசாலை மத்திய அரசின் கல்வி அமைச்சின் கீழ் வருகிறது, மாகாணப் பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். தேசிய பாடசாலை என்றதும் தரம் கூடியது என்று நினைக்கிறவர்கள் அதிகம். அந்தச் சொல் நிருவாகம் யாருடையது என்பதைத்தான் சொல்கிறது. பெற்றோருக்கு அதனால் வரும் வித்தியாசம் இதுதான்: ஆசிரியர் வெற்றிடம் வந்தால் யார் நிரப்புவார், இடமாற்றம் எங்கிருந்து வரும், முறைப்பாட்டை எங்கே கொண்டுபோவது. ஒரே வீதியில் இருக்கும் இரண்டு பாடசாலைகளில் இந்த மூன்று கேள்விக்கும் விடை வேறாக இருக்கலாம்.

1ஏபி என்ற தகுதி ஒரு பிரிவை நடத்த அனுமதி இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. இந்த வருடம் அதற்கு ஆசிரியர் இருக்கிறார் என்பதற்கு அது சான்றாகாது. இந்த மாகாணத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் ஆகிய மூன்றுக்கும் தமிழ் மொழிமூல ஆசிரியர் கிடைப்பது எப்போதுமே இழுபறிதான். நியமனம் பெற்று வெளிமாவட்டத்தில் இருந்து வருகிறவர்கள் சேவைக்காலம் முடிந்ததும் சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்பார்கள். அது அவர்களுடைய உரிமை. அவர் போன பிறகு அடுத்தவர் எப்போது வருவார் என்பதில்தான் பிள்ளையின் முழு வருடமும் தங்கியிருக்கிறது. ஆண்டு இடமாற்றம் பெரும்பாலும் ஜனவரியை ஒட்டியே வரும். அதனால் சேர்க்கும் நாளில் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டால் போதாது, வருகிற ஜனவரியில் யார் போகவிருக்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

அதிபரிடம் இதைக் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. "சேர், பௌதிகவியலுக்கு ஆள் இருக்கிறாங்களா?" என்று கேட்டால், "ஓம் அம்மா, இருக்கிறாங்க" என்று விடை வரும். அது பொய்யாகவும் இருக்காது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "சேர், பௌதிகவியல் எடுக்கிறவர் இந்தப் பாடசாலை ஆளணியில் இருக்கிறாரா, வேற பாடசாலையில் இருந்து இணைப்பில் வாறாரா? கிழமைக்கு எத்தனை நாள் வாறார்?" நிரந்தர ஆசிரியர், இரண்டு நாள் மட்டும் வரும் இணைப்பு ஆசிரியர், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொடுப்பனவு கொடுத்து வைத்திருக்கும் பட்டதாரி, ஆசிரியர் பற்றாக்குறையால் வேறு பாடத்தில் இருந்து வந்து நிற்பவர் என்று நான்கு விதமானவர்களும் "இருக்கிறாங்க" என்ற ஒரே விடைக்குள் அடங்கிவிடுவார்கள். கொடுப்பனவில் படிப்பிக்கும் இளம் பட்டதாரி மிக நன்றாகப் படிப்பிக்கலாம். ஆனால் அரச நியமனம் கிடைத்த அன்றே அவர் போய்விடுவார், பாடம் பாதியில் நிற்கும்.

பிறகு நேரசூசியைக் கேளுங்கள். அரச பாடசாலை நாள் காலை 7.30 இல் இருந்து 1.30 வரை, 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு. ஒரு பாடத்துக்குக் கிழமைக்கு 8 பாடவேளை ஒதுக்கியிருந்தால் கையில் கிடைப்பது 5 மணி 20 நிமிடம். காலைக் கூட்டம் நீண்ட நாள், இல்ல விளையாட்டுப் போட்டிக்கால ஒத்திகை, ஆசிரியர் செயலமர்வுக்குப் போன நாள் எல்லாம் இதிலிருந்துதான் கழியும். ஆகவே நேரசூசியில் எழுதியிருப்பதை அப்படியே எடுக்காமல், 13 ஆம் தரத்தில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் கேளுங்கள்: "போன கிழமை இரசாயனவியலுக்கு எத்தனை பாடவேளை நடந்தது?" பிள்ளைகள் இதற்கு யோசிக்காமல் விடை சொல்வார்கள். அதே பிள்ளையிடம் எந்த அலகில் நிற்கிறீர்கள் என்றும் கேட்டு வையுங்கள். பௌதிகவியல் பாடத்திட்டத்தில் 11 அலகுகள். அளவீடு, பொறியியல் (விசையும் இயக்கமும் பற்றிய பகுதி), அலைவுகளும் அலைகளும், வெப்பம், ஈர்ப்புப் புலம் என்று தொடங்கி, மின், காந்தம், இலத்திரனியல் வழியாகச் சடப்பொருளும் கதிர்ப்பும் வரை போகிறது. 12 ஆம் தரம் முடியும்போது முதல் ஐந்து அலகும் முடிந்திருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். 13 ஆம் தரம் தொடங்கி மாதக்கணக்காகியும் அலைகளிலேயே நின்றால், கடைசி அலகுகளைப் பிள்ளை தனியார் வகுப்பில்தான் படிக்க வேண்டி வரும், அல்லது படிக்காமலே பரீட்சைக்குப் போகும்.

பெறுபேற்றுப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெற்றோர் அதிகம் ஏமாறுவது அங்கேதான். மதிலில் கட்டும் பதாகையில் மருத்துவம், பொறியியல் கிடைத்தவர்களின் படங்கள் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பு உண்மையானது, பாராட்ட வேண்டியது. ஆனால் அந்தப் பதாகை எத்தனை பேரில் இத்தனை பேர் என்பதைச் சொல்வதில்லை. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: உயிரியல் பிரிவில் 30 பேர் தோற்றி 24 பேர் மூன்று பாடமும் சித்தி என்றால் 80 வீதம். 12 ஆம் தரத்தில் சேர்ந்தவர்கள் 45 பேர் என்று தெரிந்தால் அதே 24 பேர் 53 வீதம்தான். இடையில் போன 15 பேர் எங்கே? சிலர் பிரிவு மாறியிருப்பார்கள், சிலர் பாடசாலையை விட்டிருப்பார்கள், சிலர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றியிருப்பார்கள். அந்தப் பதினைந்து பேரின் கதைதான் சராசரிப் பிள்ளையின் பெற்றோருக்குத் தேவை.

சித்தி வீதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று பாடத்திலும் எஸ் (ஆகக் குறைந்த சித்தி) எடுத்தவரும் மூன்றிலும் ஏ எடுத்தவரும் சித்திக் கணக்கில் ஒன்றுதான். பல்கலைக்கழக அனுமதியோ இசட் புள்ளியில் நடக்கிறது. இசட் புள்ளி என்பது ஒரு பாடத்தில் எல்லோரும் பெற்ற சராசரியில் இருந்து உங்கள் பிள்ளையின் புள்ளி எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை, அந்தப் பாடத்தின் நியம விலகலால், அதாவது புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால், பிரித்து எடுப்பது. மூன்று பாடத்துக்கும் அப்படி எடுத்ததன் சராசரிதான் இறுதிப் புள்ளி. ஒரு பாடத்துக்கு மட்டும் ஆசிரியர் இல்லாமல் போனால் அந்த ஒன்று மற்ற இரண்டையும் கீழே இழுத்துவிடும். அதனால் கேட்க வேண்டியது பாடவாரியான பெறுபேறு. பௌதிகவியலில் மட்டும் எத்தனை பேர் ஏ, பி, சி, எஸ், எத்தனை பேர் சித்தியில்லை? மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். ஒரு வருடம் மட்டும் விழுந்திருந்தால் ஆசிரியர் மாறியிருக்கலாம். மூன்று வருடமும் ஒரே பாடம் விழுந்திருந்தால் அங்கே ஆளில்லை என்று அர்த்தம்.

முதல் தடவைப் பெறுபேறா என்றும் கேளுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். மூன்றாம் தடவையில் தெரிவான பிள்ளை வெளியே வகுப்புகளுக்குப் போய்ப் படித்து எடுத்திருந்தாலும் பதாகையில் பழைய பாடசாலையின் பெயரோடுதான் வரும். சாதாரண தரத்தில் 9 ஏ எடுத்தவர்களை மட்டும் சேர்க்கும் பாடசாலை நல்ல பெறுபேறு காட்டுவதில் அதிசயமில்லை. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பி, சி எடுத்து வந்த பிள்ளைகளை மூன்று பாடமும் சி, பி வரை கொண்டுபோன பாடசாலை ஒன்று இருந்தால், என் மதிப்பில் அதுதான் உயர்ந்தது. உங்கள் பிள்ளை 9 ஏ இல்லாத பிள்ளை என்றால் அந்தப் பாடசாலையைத்தான் தேட வேண்டும்.

விஞ்ஞானப் பிரிவுக்கு ஆய்வுகூடத்தைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். உயர்தரப் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் தனியாகச் செயன்முறைப் பரீட்சை இல்லாததால், செயன்முறை தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. வினாத்தாளைப் புரட்டினால் நிலைமை தெரியும். பௌதிகவியல் இரண்டாம் பத்திரத்தின் கட்டமைப்பு வினாக்களில் பெரும்பகுதி ஆய்வுகூடப் பரிசோதனையை ஒட்டியே வருகிறது. எந்த வாசிப்பை எடுப்பீர், எந்த வழுவை எப்படிக் குறைப்பீர், வரைபில் எந்த அச்சில் எதைக் குறிப்பீர் என்று கேட்பார்கள். நகரும் நுணுக்குக்காட்டியைத் தொடாத பிள்ளை அதைப் பாடமாக்கி எழுதப் பார்க்கும், கேள்வி கொஞ்சம் திரும்பியதும் தடுமாறும்.

கடற்காற்று அடிக்கிற ஊரில் இரும்பு நிலைப்பது கஷ்டம். அனுமதி கேட்டு, மெல்லிய தடிப்பை அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சி ஒன்றைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பாருங்கள். பாதியில் இறுகினால் அது துருவேறிக் கிடக்கிறது, யாரும் பாவிப்பதில்லை. கம்பியின் அதிர்வைப் படிக்கும் சுரமானியில் கம்பி பூட்டியிருக்கிறதா பாருங்கள், வெறும் பெட்டியாக அலுமாரிக்கு மேலே இருந்தால் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கிறார்கள். இரசாயனவியலில் அளவியின் (கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாயின்) திருகுபிடியைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் விட்டு, கழுவாமல் வைத்தால் கண்ணாடித் திருகுபிடி இறுகி ஒட்டிக்கொள்ளும். பத்து அளவிகளில் ஆறு அப்படி இறுகியிருந்தால், கரைசலின் செறிவை அளக்கும் நியமிப்புப் பரிசோதனையை ஆசிரியர் ஒருவர் செய்துகாட்ட முப்பது பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். பெட்டி உடைக்காத புதுக் கருவிகள் வரிசையாக இருந்தால் மயங்க வேண்டாம். அது பாவனையில்லாத ஆய்வுகூடம்.

இதைவிட நல்ல சான்று 13 ஆம் தரப் பிள்ளையின் செயன்முறைப் பதிவேடு. திகதிகளைப் பாருங்கள். ஒரே கிழமைக்குள் எட்டுப் பரிசோதனை எழுதியிருந்தால் அது பார்த்து எழுதியது. இரண்டு பிள்ளைகளின் கொப்பியை ஒப்பிட்டு, வாசிப்புகள் தசமத்தானம் வரை ஒன்றாக இருந்தால் விசாரிக்க வேறொன்றும் இல்லை. நிஜமாகச் செய்த பரிசோதனையில் வெட்டல், திருத்தல், பொருந்தாத ஒரு புள்ளி எல்லாம் இருக்கும்.

தொழினுட்பப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. பொறியியல் தொழினுட்பம், உயிர்முறைமைகள் தொழினுட்பம் இரண்டிலும் செயன்முறைப் பரீட்சை உண்டு. அதனால் கட்டடம், இயந்திரம், கருவி மூன்றும் இல்லாத பாடசாலையில் அந்தப் பிரிவை எடுக்கவே கூடாது. கணிதப் பிரிவு கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் பிள்ளையை அதில் தள்ளுவதும் சரியில்லை. கலை, வர்த்தகப் பிரிவுகளில் ஆசிரியர் தட்டுப்பாடு குறைவு. அங்கே பார்க்க வேண்டியது பாடச் சேர்க்கைதான். நேரசூசியில் ஒன்றோடொன்று மோதும் பாடங்களை ஒரே பிள்ளை எடுக்க முடியாது. "எல்லாப் பாடமும் இருக்கு" என்று சொன்னாலும், உங்கள் பிள்ளை கேட்கும் மூன்றையும் சேர்த்து எடுக்கலாமா என்று எழுதிக் காட்டிக் கேளுங்கள்.

பாடசாலையைப் பார்க்கப் போகிறவர்கள் பரிசளிப்பு விழா அன்று போவதால் ஒன்றும் தெரியாது. தவணையின் நடுவில் ஒரு சாதாரண புதன்கிழமை போங்கள். காலை 7.15 க்கு வாசலில் நின்றால் பிள்ளைகளோடு ஆசிரியர்களும் வருகிற நேரம் தெரியும். இடைவேளைக்குப் பிறகு, மத்தியானம் 12.30 போல 13 ஆம் தர வகுப்புப் பக்கம் நடந்து பாருங்கள். பாதி வாங்கு வெறுமையாக இருந்தால், பிள்ளைகள் வகுப்பை விட்டுத் தனியார் வகுப்புக்குப் போகிறார்கள். பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்பது விதி. அந்த விதியை ஒரு பாடசாலை எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறது என்பதில் அதன் முழு ஒழுங்கும் தெரிந்துவிடும். வகுப்பில் படிப்பிக்கும் ஆசிரியரே மாலையில் அதே பிள்ளைகளுக்குக் காசுக்கு வகுப்பு எடுக்கிறாரா என்றும் அறிந்துகொள்ளுங்கள். அப்படியான இடத்தில் பகலில் பாடம் மெதுவாக நகர்வதைப் பல பெற்றோர் கண்டிருக்கிறார்கள்.

கழிவறையையும் தண்ணீரையும் பார்க்காமல் திரும்பாதீர்கள், பெண்பிள்ளை என்றால் கட்டாயம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணீர் குறைகிற இடங்கள் உண்டு. கழிவறைக்குப் போகப் பயந்து காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளை பதினொரு மணிக்கே தலையிடியோடு உட்கார்ந்திருக்கும். தகரம் அல்லது சீற்றுக் கூரைக்குக் கீழே மின்விசிறி இல்லாத வகுப்பில் பின்னேரப் பாடவேளைகள் எப்படிப் போகும் என்பதையும் அதே நடையில் பார்த்துவிடலாம்.

தூரத்தில் இருந்து வருகிறவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியது காலை பஸ்ஸை அல்ல, மாலை பஸ்ஸை. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்த பிறகு மூதூர், கிண்ணியாப் பக்கப் பிள்ளைகளுக்கு நகரம் கிட்டவாகிவிட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இ.போ.ச. பருவச்சீட்டும் இருக்கிறது. ஆனால் மேலதிக வகுப்பு ஐந்தரை மணிக்கு முடிந்தால் குச்சவெளிக்கோ சம்பூருக்கோ எதில் போவது? நாளுக்கு மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு, வீட்டுக்குக் கிட்டவுள்ள நல்ல ஆசிரியர் இருக்கிற சின்னப் பாடசாலையே மேல். நகரத்தில் தங்கவைப்பதென்றால், மாரிக்காலத்தில் பிள்ளை எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே தீர்த்துவையுங்கள். 2024 நவம்பரில் வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையே இடைநடுவில் நிறுத்தப்பட்டது.

யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்ப நினைக்கிறவர்களுக்கு: பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று. பிள்ளை எந்த மாவட்டக் கணக்கில் வரும் என்பதைப் பரீட்சைக்கு முந்திய 3 வருடங்களில் படித்த பாடசாலையை வைத்தே பார்க்கிறார்கள், வீட்டு முகவரியை வைத்தல்ல. மருத்துவம், பொறியியலுக்கான வெட்டுப்புள்ளி (அனுமதி கிடைக்கும் ஆகக் குறைந்த இசட் புள்ளி) அந்த இரண்டு மாவட்டங்களிலும் வழமையாக இங்கே உள்ளதைவிட உயரம். அங்கே கிடைக்கிற மேலதிகப் படிப்பு அந்த வித்தியாசத்தை ஈடுசெய்யுமா என்று கணக்குப் பார்த்த பிறகு அனுப்புங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் வருகிறது. பாடசாலை மாற்றுவதற்கு முன் மாவட்டம் பற்றிய பகுதியை நீங்களே வாசியுங்கள், பக்கத்து வீட்டார் சொன்னதை நம்ப வேண்டாம்.

காசு விடயத்தில் வெட்கப்பட வேண்டியதில்லை. வசதிகள் கட்டணம், அபிவிருத்திச் சங்கச் சந்தா எவ்வளவு, பற்றுச்சீட்டு தருவார்களா என்று கேளுங்கள். அனுமதிக்கு நன்கொடை என்று பெரிய தொகை கேட்டால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தாலே விடை கிடைத்துவிட்டது.

அதிபரிடமோ அலுவலகத்திலோ ஆளணி விபரம் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உரிய வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். இந்த மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று ஐந்து வலயங்கள். தேசிய பாடசாலை என்றால் கல்வி அமைச்சுக்கும் எழுதலாம். கேள்வி சுருக்கமாக இருக்கட்டும்: இந்தப் பாடசாலையில் உயர்தர இணைந்த கணிதத்துக்கு அங்கீகரித்த ஆளணி எத்தனை, கடமையில் இருப்பவர் எத்தனை, வெற்றிடம் எவ்வளவு காலம்? தகவல் தருவதா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பெறுபேறு வரும்வரை காத்திருக்காமல், சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு அனுப்பிவிட்டால் விண்ணப்பிக்கும் நேரத்துக்கு விடை கையில் இருக்கும்.

எல்லாம் சரி என்று தெரிந்து பாடசாலை மாற்றுவதென்றால், புதிய பாடசாலை அனுமதியைக் கடிதத்தில் உறுதிசெய்த பிறகே பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் எடுங்கள். எடுத்ததும் பிள்ளையின் பெயர் அங்கே இடாப்பில் இருந்து நீங்கிவிடும். பழைய இடத்துக்கு இன்னொருவர் வந்துவிட்டால் திரும்பிப் போக வழியிருக்காது. வகுப்பு தொடங்கி முதல் மாதத்துக்குள் ஒரு பாடத்துக்கு ஆள் வரவில்லை என்று கண்டால் அடுத்த தவணை வரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். நாலைந்து பெற்றோர் சேர்ந்து அதிபரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதியை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். பிரிவு மாற்றவோ பாடசாலை மாற்றவோ அந்த மாதங்களில்தான் இலகு.